சிம்பன்சிகளின் நான்காண்டுப் போர்

போரைப் பற்றிய பேச்சு எங்கே நீண்டாலும் ஒரு கட்டத்தில் யாராவது ஒருவர், "மனுசன் குரங்கிலயிருந்து வந்தவன்தானே, வேற எப்பிடி இருப்பான்?" என்று சொல்லி அதை முடித்து வைப்பார். கொஞ்சம் வாசித்தவராக இருந்தால் சிம்பன்சிகளையும் துணைக்கு அழைப்பார். அவையும் கூட்டமாகப் போய்க் கொல்கின்றன, எல்லை காக்கின்றன, ஆகவே போர் நமது இரத்தத்திலேயே ஊறியிருக்கிறது என்பது வாதம். போருக்குள் வளர்ந்தவன் என்ற முறையில் இந்த வாதத்தை நான் ஒருபோதும் இலகுவாக எடுத்ததில்லை. எல்லாம் இரத்தத்தில் இருக்கிறது என்றால் எவரும் எதற்கும் பொறுப்புச் சொல்லத் தேவையில்லை என்றாகி விடுகிறது. அது யாருக்கு வசதியான முடிவு என்பது நமக்குத் தெரியும்.

முதலில் ஒரு திருத்தம். மனிதர் சிம்பன்சியிலிருந்து வந்தவர்கள் அல்லர். ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பொது மூதாதையிலிருந்து இரு கிளைகளும் பிரிந்தன. மரபணுவில் நமக்கும் அவற்றுக்கும் இடையே உள்ள ஒற்றுமை 98 வீதத்துக்கும் மேல். இதே அளவு நெருக்கமான இன்னோர் உறவும் நமக்கு உண்டு. கொங்கோ ஆற்றின் தென்கரைக் காடுகளில் வாழும் பொனொபோ. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன், ஏனெனில் வாதம் செய்பவர்கள் அதை மட்டும் மறந்து விடுவார்கள்.

சிம்பன்சிகளின் போர் என்று உலகம் பேசுவது பெரும்பாலும் ஒரே ஒரு காட்டில், 1974 முதல் 1978 வரையான நான்கு ஆண்டுகளில் நடந்ததைத்தான். அந்தக் காடு கோம்பே. தன்சானியாவின் மேற்கு எல்லையில், தங்கனீக்கா ஏரியின் கரையோரமாகச் செங்குத்தான மலைச்சரிவுகளும் ஓடைகளுமாகக் கிடக்கும் சுமார் 35 சதுர கிலோமீற்றர் நிலம். நடந்தது என்ன என்பதை விபரமாக அறிந்தால்தான் அது எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சி இல்லை என்று சொல்ல முடியும்.

பெயர் வைத்தவர்

ஜேன் குடால் 1960 ஜூலை 14ஆம் திகதி கோம்பேயில் வந்திறங்கினார். வயது 26. பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. மானிடவியலாளர் லூயிஸ் லீக்கி அவரை அனுப்பியிருந்தார். தனியாக ஓர் இளம்பெண் காட்டில் தங்குவதை அன்றைய பிரித்தானிய நிர்வாகம் அனுமதிக்காததால் தாயாரும் கூட வந்தார். அதே ஆண்டு நவம்பரில், நரைத்த தாடி கொண்ட ஓர் ஆண் சிம்பன்சி புல்லுத் தண்டொன்றைக் கறையான் புற்றுக்குள் நுழைத்து, அதில் ஒட்டிக்கொண்டு வந்த கறையான்களை உண்பதை அவர் கண்டார். இலை உருவிக் குச்சியைத் தயார் செய்வதையும் கண்டார். கருவி செய்வது மனிதன் மட்டுமே என்றிருந்த வரைவிலக்கணம் அத்தோடு உடைந்தது. அந்த ஆணுக்கு அவர் வைத்த பெயர் டேவிட் கிரேபியர்ட், நரைத்தாடி டேவிட்.

பெயர் வைத்ததே அன்று பெரிய குற்றமாகப் பார்க்கப்பட்டது. ஆய்வு விலங்குகளுக்கு இலக்கம் இடுவதுதான் வழக்கம். குடாலின் முதல் ஆய்வுக் கட்டுரையைத் திருத்தியவர்கள் 'அவன்', 'அவள்' என்று அவர் எழுதிய இடமெல்லாம் 'அது' என்று மாற்றினார்கள். குடால் அவற்றை மீண்டும் பழையபடி எழுதி அனுப்பினார். தமிழில் எழுதும்போது இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. உயர்திணை, அஃறிணை என்ற கோடு நமது வினைமுற்றிலேயே இருக்கிறது. 'வந்தான்' என்பதா 'வந்தது' என்பதா என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் முடிவெடுத்தாக வேண்டும். பெயரிடப்பட்டவர்களை நான் உயர்திணையிலேயே எழுதப் போகிறேன். இலக்கணம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

பெயரிட்டதன் பயன் பின்னர்தான் தெரிந்தது. இறந்தவர் யார், யாருடைய மகன், யாரோடு வளர்ந்தவன், அவனை அடித்தவர்களில் யார் முன்பு அவனோடு ஒரே மரத்தில் பழம் தின்றவன் என்பதெல்லாம் குறிப்பேட்டில் இருந்தன. இலக்கங்களாக இருந்திருந்தால் இது சில விலங்குகளின் எண்ணிக்கை குறைந்த கதையாக மட்டும் மிஞ்சியிருக்கும்.

பிளவு

சிம்பன்சிகள் குழுக்களாக வாழ்கின்றன. இருபது பேர் கொண்ட குழுவும் உண்டு, நூறைத் தாண்டியதும் உண்டு. எல்லோரும் எப்போதும் ஒன்றாகத் திரிவதில்லை. காலையில் மூன்று நான்கு பேராகப் பிரிந்து போவார்கள், பழமரம் காய்த்த இடத்தில் கூடுவார்கள், மறுபடி பிரிவார்கள். ஆண்கள் பிறந்த குழுவிலேயே இறுதிவரை இருப்பார்கள். பெண்கள் பருவமடைந்ததும் பெரும்பாலும் பக்கத்துக் குழுவுக்குப் போய்விடுவார்கள். ஆகவே ஒரு குழுவின் ஆண்கள் பிள்ளைப் பருவத்திலிருந்தே ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒருவர் உடலில் மற்றவர் பேன் பார்ப்பது, உண்ணி எடுப்பது, மயிர் கோதுவது என மணிக்கணக்கில் நடக்கும். அதுதான் அவர்களின் நட்பு, அரசியல் எல்லாமே.

அவர்களுடைய அரசியலில் எனக்குப் பிடித்த ஆள் மைக். உடல் பலத்தில் சாதாரணமானவன். குடாலின் முகாமில் கிடந்த வெறும் மண்ணெண்ணெய்த் தகரங்களைக் கண்டுபிடித்தான். அவற்றைத் தள்ளிக்கொண்டு, பெருஞ்சத்தத்தோடு மற்ற ஆண்களை நோக்கி ஓடுவான். அவர்கள் சிதறி ஓடுவார்கள். பிறகு திரும்பி வந்து அவனுக்குப் பணிவார்கள். யாரையும் பெரிதாக அடிக்காமலே, அதுவரை தலைவனாக இருந்த கோலியாத்தை இறக்கிவிட்டு மைக் தலைவனானான். சத்தத்தை வைத்தே ஆட்சி பிடித்தவர்களை மனிதரிலும் பார்த்திருக்கிறோம்.

மைக்கின் காலம் 1970 அளவில் முடிந்தது. அடுத்துத் தலைமைக்கு வந்தவன் ஹம்ஃப்ரி. முரடன். அவனுக்குப் போட்டியாக நின்றவர்கள் சார்லியும் ஹியூவும். இருவரும் எப்போதும் சேர்ந்தே நடப்பவர்கள், காட்டின் தெற்குப் பகுதியை அதிகம் விரும்பியவர்கள். குடாலின் பழைய குறிப்புகளை டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினிமயப்படுத்தி, யார் யாரோடு எத்தனை நாள் காணப்பட்டார்கள் என்று கணக்கிட்டு 2018இல் வெளியிட்டார்கள். அதன்படி பிளவு திடீரென்று வரவில்லை. இரு பக்கத்தோடும் பழகிய மூத்த ஆண் ஒருவனின் மறைவு, தலைமைப் போட்டி, பிள்ளை பெறும் நிலையில் இருந்த பெண்கள் குறைவாக இருந்தமை ஆகியவை சேர்ந்து உறவை மெல்ல மெல்ல அறுத்தன. முதலில் வடக்கும் தெற்கும் சந்திக்கும் நாட்கள் குறைந்தன. பிறகு சந்தித்தால் சத்தமும் மிரட்டலும். 1972 அளவில் இரண்டு குழுக்கள். வடக்கே எட்டு வளர்ந்த ஆண்களுடன் கசகேலா. தெற்கே ஆறு வளர்ந்த ஆண்களும், ஸ்னிஃப் என்ற விடலைப் பையனும், மூன்று வளர்ந்த பெண்களும், அவர்களின் பிள்ளைகளுமாக கஹாமா. வயது போன கோலியாத் தெற்கோடு போய்ச் சேர்ந்தான். ஏன் போனான் என்பதைக் குறிப்பேடுகள் சொல்லவில்லை.

1974 ஜனவரி 7

அன்று கஹாமாவைச் சேர்ந்த கோடி என்ற இளம் ஆண் ஒரு மரத்தில் தனியாக இருந்து உண்டுகொண்டிருந்தான். கசகேலாவின் ஆறு வளர்ந்த ஆண்கள் சத்தமின்றி வந்தார்கள். அவன் பாய்ந்து ஓடினான். ஹம்ஃப்ரி காலைப் பிடித்து விழுத்தி மேலே இருந்து அமுக்கிக்கொள்ள, மற்றவர்கள் பத்து நிமிட அளவு அடித்தார்கள், கடித்தார்கள். இதைக் கண்டவர் ஹிலாலி மட்டாமா என்ற தன்சானியக் களப்பணியாளர். கோடி எழுந்து, படுகாயங்களோடு நடந்து போனான். அதன் பின் அவனை எவரும் காணவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஒரு குழுவின் ஆண்கள் இன்னொரு குழுவின் ஆணைத் தேடிப் போய்க் கொல்லும் நோக்கோடு தாக்கியதை மனிதர் நேரில் கண்டு பதிவு செய்தது அதுவே முதல் முறை.

அடுத்த மாதமே தே. அவன் தாக்கப்பட்டு மெலிந்து, பிறகு மறைந்து போனான். 1975 பெப்ரவரியில் கோலியாத். தேய்ந்த பற்களோடும் உதிர்ந்த மயிரோடும் இருந்த கிழவனை ஐந்து ஆண்கள் சேர்ந்து ஏறத்தாழ இருபது நிமிடம் அடித்தார்கள். ஒரு காலத்தில் அவர்களில் மூத்தவர்கள் அவன் வரும்போது ஒதுங்கி வழி விட்டவர்கள், அவன் மயிரைக் கோதியவர்கள். சார்லியின் உடல் 1977இல் காயங்களோடு கண்டெடுக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்னிஃப். பிளவு வந்தபோது விடலையாக இருந்தவன், கஹாமாவில் எஞ்சியிருந்த கடைசி ஆண். ஹியூவும் வில்லி வாலியும் காணாமற் போனவர்கள். அவர்களுக்கு நடந்ததைக் கண்டவர் இல்லை.

பெண்களில் மேடம் பி என்ற தாயின் கதைதான் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது. ஆங்கிலத்தில் தேனீயைக் குறிக்கும் பெயர். 1966இல் கோம்பே சிம்பன்சிகளிடையே இளம்பிள்ளைவாதம் பரவியது. அதற்குச் சற்று முன் அயற்கிராமங்களில் மனிதரிடையே அந்த நோய் வந்திருந்தது. அவர்களிடமிருந்து தொற்றியிருக்க வேண்டும். மேடம் பியின் ஒரு கை அப்போது செயலிழந்தது. 1975 செப்ரெம்பரில் கசகேலா ஆண்கள் அவளைப் பிடித்தபோது வயதும் போயிருந்தது, ஓடவும் ஏறவும் ஒரு கைதான். அடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். சில நாட்கள் உயிரோடு கிடந்தாள். மகள் ஹனி பி தாயின் அருகிலேயே இருந்து மயிரைக் கோதினாள், காயத்தில் மொய்த்த ஈக்களை விரட்டினாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

இந்த ஆண்டுகளின் காட்சிகள் இரவில் தனக்குத் திரும்பத் திரும்ப வந்ததாக குடால் பின்னர் எழுதியிருக்கிறார். சிம்பன்சிகள் நம்மைவிட நல்லவர்கள் என்று பதினான்கு ஆண்டுகளாக எண்ணியிருந்தவர் அவர். செய்தி வெளிவந்தபோது சிலர் அவரை நம்பவில்லை. சிலர், உண்மையாக இருந்தாலும் வெளியிடாதீர்கள், மனிதப் போரை நியாயப்படுத்துபவர்கள் கையில் இது ஆயுதமாகும் என்றார்கள். அவர் வெளியிட்டார். நான் அதைச் சரி என்றே நினைக்கிறேன். கண்டதை மறைத்துக் காப்பாற்றும் நல்ல பெயர் நெடுநாள் நிற்காது.

கஹாமாவின் நிலம் கசகேலாவுக்கு வந்தது. ஆனால் அதற்கும் தெற்கே கலாண்டே என்ற வலிய குழு இருந்தது. இதுவரை இடையில் நின்றவர்கள் கஹாமா. அவர்கள் அழிந்த பின் கசகேலாவும் கலாண்டேயும் நேருக்கு நேர். பிடித்த நிலத்தில் பெரும்பகுதியை விட்டு கசகேலா பின்வாங்க வேண்டி வந்தது.

இன்னொரு போர்

இந்த நான்கு ஆண்டுகளின் நடுவில் கோம்பேக்கு மனிதரின் போரும் வந்தது என்பதைப் பலர் அறிவதில்லை. 1975 மே 19ஆம் திகதி இரவு, ஏரியின் மறுகரையான சயரிலிருந்து, அதாவது இன்றைய கொங்கோவிலிருந்து, சுமார் நாற்பது ஆயுததாரிகள் படகில் வந்து நான்கு மாணவர்களைக் கடத்திச் சென்றார்கள். மூவர் அமெரிக்கர், ஒருவர் நெதர்லாந்துக்காரர். கடத்தியது லோரன் கபிலாவின் கிளர்ச்சி இயக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே கபிலா அந்த நாட்டின் சனாதிபதியானார். மாணவர்கள் நால்வரும் வாரக்கணக்கான பேச்சுவார்த்தைகளுக்குப் பின் உயிரோடு விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் வெளிநாட்டு ஆய்வாளர்கள் அதன் பின் கோம்பேயில் தங்க முடியவில்லை.

குறிப்பேடு நின்றுவிடவில்லை. அயற்கிராமங்களைச் சேர்ந்த தன்சானியக் களப்பணியாளர்கள் அடுத்த நாளும் காட்டுக்குள் போனார்கள். மேடம் பி, சார்லி, ஸ்னிஃப் ஆகியோர் பற்றி நாம் அறிந்திருப்பது அவர்கள் தொடர்ந்து நடந்து, பார்த்து, எழுதியதால்தான். உலகப் புகழ் முழுவதும் ஒரு பெயருக்குப் போனது. அது குடாலின் தவறல்ல, அவர் அவர்களை எப்போதும் குறிப்பிட்டே வந்தார். ஆனாலும் ஒரு போரின் இரண்டாம் பாதியைப் பதிவு செய்தவர்கள் பெரும்பள்ளிக்கூடம் போகாத அந்த ஊர் மனிதர்கள் என்பதை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன்.

வாழைப்பழமா காரணம்?

மறுப்பும் வந்தது. சிம்பன்சிகளை அருகே வரவைக்க 1962 முதல் முகாமில் வாழைப்பழம் கொடுக்கப்பட்டது. ஒரே இடத்தில் அத்தனை பேரும் கூடினார்கள், அடிபட்டார்கள். மாகரெட் பவர் என்ற மானிடவியலாளர் 1991இல் ஒரு நூலே எழுதினார்: இந்த வன்முறை இயற்கையல்ல, மனிதத் தலையீட்டின் விளைவு. கவர்ச்சியான வாதம். வாழைப்பழம் சண்டைகளைக் கூட்டியது என்பதை குடாலே ஒப்புக்கொண்டு, பழம் கொடுப்பதை 1960களின் இறுதியிலேயே வெகுவாகக் குறைத்திருந்தார்.

ஆனால் பிற காடுகளின் பதிவுகள் சேரச் சேர அந்த வாதம் தளர்ந்தது. 2014இல் மைக்கல் வில்சன் தலைமையில் முப்பது பேரளவு ஆய்வாளர்கள் தமது ஏடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஐந்து தசாப்தங்கள், 18 சிம்பன்சிக் குழுக்கள், 4 பொனொபோக் குழுக்கள். சிம்பன்சிகளிடையே 152 கொலைகள். அவற்றில் 58 நேரில் கண்டவை, 41 தடயங்களால் உறுதியானவை, 53 சந்தேகத்துக்குரியவை. மனிதர் உணவு கொடுத்த இடமா, காடு வெட்டப்பட்ட இடமா என்பதோடு கொலைகளின் அளவு பொருந்தவில்லை. எத்தனை ஆண்கள், எவ்வளவு நெருக்கமாக வாழ்ந்தார்கள் என்பதோடு பொருந்தியது. உகண்டாவின் கிபாலே காட்டில் உணவு எதுவும் கொடுக்கப்படாத நகோகோ குழு பத்தாண்டுகள் அயலவர்களைக் கொன்று, பிறகு தனது நிலப்பரப்பை 22 வீதம் பெருக்கிக்கொண்டது. பின்னர் அந்தப் பெருங்குழுவே இரண்டாகப் பிளந்து தமக்குள் மோதியது.

ஆகவே சிம்பன்சிகள் கொல்கின்றன. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே 2014 ஆய்வில் இன்னோர் எண் இருக்கிறது. அதைத்தான் பேச்சில் யாரும் சொல்வதில்லை. தாக்கியவர்களுக்கும் தாக்கப்பட்டவருக்குமான விகிதம், இடைநிலை அளவில், எட்டுக்கு ஒன்று.

எல்லை ரோந்து எப்படி நடக்கும் என்று பார்த்தால் இது விளங்கும். ஆண்கள் வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக நடப்பார்கள். வழக்கமாகக் கத்தித் திரிபவர்கள் அப்போது வாய் திறப்பதில்லை. நின்று நின்று காது கொடுப்பார்கள், நிலத்தை முகர்வார்கள், இலையில் பட்ட வாசத்தைப் பார்ப்பார்கள், மரத்தில் ஏறி அப்பால் நோக்குவார்கள். எதிரே வருபவர்கள் பலராக இருந்தால் பெருங்கூச்சல் போட்டுவிட்டு இரு பக்கமும் திரும்பிவிடும். தனியாக ஒருவன் அகப்பட்டால்தான் பாய்ச்சல். கூட்டமாக ஒருவனைக் கொல்லும்போது தாக்குபவருக்குக் கீறல்கூட விழுவதில்லை. இது கட்டுக்கடங்காத வெறி என்று எனக்குப் படவில்லை. தமக்கு ஒன்றும் நேராது என்று உறுதியான இடத்தில் மட்டும் செய்யும் காரியம் இது. 'இயற்கையின் வெறி' என்று சொல்பவர்கள் இந்த ஒரு கணக்கையாவது பார்க்க வேண்டும். ஆற்றல் சமமாக இருக்கும் இடத்தில் இந்த 'இயற்கை' அடங்கிப் போய்விடுகிறது.

பொனொபோவுக்கு வருகிறேன். 2014 கணக்கில் அவற்றிடையே சந்தேகத்துக்குரிய கொலை ஒன்று மட்டும்தான். இரு குழுக்கள் சந்தித்தால் சத்தம் போட்ட பின் கலந்து திரிகின்றன, பேன் பார்க்கின்றன. கொகொலோபோரியில் வேறு குழுவினரோடு உணவைப் பகிர்வதையும் ஆய்வாளர்கள் 2023இல் பதிவு செய்தார்கள். அவை சாதுவானவை என்றும் நினைக்க வேண்டாம். 2024இல் வந்த ஒப்பீடு, பொனொபோ ஆண்கள் தமக்குள் கைகலப்பது கோம்பே ஆண்களைவிட அதிகம் என்று காட்டியது. அடிபடுகிறார்கள். கூட்டம் சேர்ந்து கொல்வதில்லை. அங்கே பெண்கள் அணி சேர்ந்து நிற்பதும், ஆண்கள் கூட்டணி கட்டாமல் தனியனாகவே சண்டையிடுவதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. சிம்பன்சியும் பொனொபோவும் நமக்குச் சம தூரத்துச் சொந்தக்காரர்கள். ஒருவரை மட்டும் சாட்சிக்கு அழைப்பது நீதியல்ல.

சிம்பன்சிகளிலும் மறுபக்கம் உண்டு. 1970களின் நடுவில் நெதர்லாந்தின் ஆர்னெம் விலங்கியல் பூங்காவில் ஃபிரான்ஸ் டி வால் என்ற இளம் ஆய்வாளர், சண்டை பிடித்த இருவர் சிறிது நேரத்தில் ஒருவரையொருவர் தேடிப் போய் முத்தமிட்டு அணைத்துக்கொள்வதைக் கண்டார். 1979இல் அதை 'சமரசம்' என்ற சொல்லாலேயே எழுதினார். கை நீட்டி வேண்டுவது, அடிபட்டவரை மூன்றாமவர் வந்து அணைத்து ஆற்றுவது எல்லாம் பதிவாகின. இரண்டு ஆண்கள் முறுகிக்கொண்டு ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கும்போது, மூத்த பெண் ஒருத்தி ஒருவனிடம் போய் மயிர் கோதி, எழுந்து மற்றவனிடம் நடப்பாள். இவன் பின்னால் போவான். மூவரும் அமர்ந்த பின் அவள் மெல்ல நழுவிவிடுவாள். ஊரில் இந்த வேலை செய்யும் அம்மாமாரை நமக்குத் தெரியும்.

ஒரு எல்லை இருக்கிறது. இந்தச் சமரசம் எல்லாம் ஒரே குழுவுக்குள்தான். இரு சிம்பன்சிக் குழுக்கள் அப்படிச் சமாதானமானதாகப் பதிவு இல்லை. சார்லியும் ஹம்ஃப்ரியும் ஒரே குழுவில் இருந்தவரை ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் திரும்பி வர வழி இருந்தது. பிரிந்த பின் அந்த வழி மூடிவிட்டது.

மனிதர் செய்தது

கினி நாட்டின் போசு கிராமத்தில் மனோன் மக்கள் அருகிலுள்ள குன்றின் சிம்பன்சிகளைத் தமது மூதாதையரின் மறுபிறவியாக மதிக்கிறார்கள். வேட்டையாடுவதில்லை, உண்பதில்லை. அந்தச் சிறு குழு கல்லை அடித்துக் கொட்டை உடைப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் பல தசாப்தங்கள் பார்த்தார்கள். 1992இல் ஜிரே என்ற தாயின் குழந்தை இறந்தது. உடல் காய்ந்து தோலாகும் வரை 27 நாட்கள் அவள் அதைத் தூக்கித் திரிந்தாள். 2003இல் சுவாச நோய் ஒன்று அந்தக் குழுவில் ஐவரைக் கொன்றபோது, அதில் இறந்த குழந்தையொன்றை ஒரு தாய் 68 நாட்கள் சுமந்தாள். ஈ ஓட்டினாள். மற்றவர்கள் அந்த உடலைத் தொடவும் விட்டாள். குழந்தை இறந்தது அவளுக்குத் தெரியாது என்று சிலர் எழுதினார்கள். ஆனால் உயிருள்ள குழந்தையைத் தூக்காத விதமாக, காலில் பிடித்தும் தோளில் மடித்தும் தூக்கியவளுக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை.

போசு விதிவிலக்கு. மேற்கு, மத்திய ஆபிரிக்காவின் பெரும் பகுதிகளில் காட்டிறைச்சி வியாபாரம், காட்டுப்பன்றிக்கும் மானுக்கும் வைக்கும் கம்பிச் சுருக்கு, வெட்டப்படும் காடு ஆகியவை அவர்களைத் தின்கின்றன. தாயைச் சுட்டுக் குட்டியை விற்பார்கள். தாய் ஐந்து ஆறு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் பிள்ளை பெறுவாள், ஆகவே இழப்பை ஈடு செய்ய நெடுங்காலம் எடுக்கும். மேற்கு ஆபிரிக்கச் சிம்பன்சிகள் 1990க்கும் 2014க்கும் இடையே ஏறத்தாழ 80 வீதம் குறைந்தார்கள். கொல்வதில் எட்டுக்கு ஒன்று என்ற விகிதம்கூட மனிதருக்குத் தேவைப்படவில்லை.

லைபீரியாவில் நடந்ததைச் சொல்லாமல் விடக் கூடாது. நியூயோர்க் இரத்த மையம் 1970களில் அங்கே ஓர் ஆய்வுகூடம் அமைத்து, சிம்பன்சிகளுக்கு ஈரல் அழற்சி நோயை ஏற்றிப் பரிசோதித்தது. உள்நாட்டுப் போர் 1989இல் தொடங்கியது. மனிதருக்கே உணவில்லாத காலத்தில் உள்ளூர்ப் பராமரிப்பாளர்கள் சூட்டுக்கு நடுவே அந்தச் சிம்பன்சிகளுக்கு உணவு கொண்டு போனார்கள். பரிசோதனைகள் முடிந்த பின் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் ஆற்று முகத்துவாரத் தீவுகளில் விடப்பட்டார்கள். அங்கே போதிய உணவோ நன்னீரோ இல்லை. 2015இல், எபோலா அந்த நாட்டைச் சிதைத்திருந்த நேரத்தில், மையம் பராமரிப்புப் பணத்தை நிறுத்தியது. பராமரிப்பாளர்கள் படகில் உணவு கொண்டு போவதை நிறுத்தவில்லை. படகுச் சத்தம் கேட்டதும் சிம்பன்சிகள் நீருக்குள் இடுப்பளவு இறங்கிக் கை நீட்டி நின்றன. விலங்கு நல அமைப்பொன்று பொறுப்பெடுத்தது. எதிர்ப்பு வலுத்த பின் 2017இல் மையம் 60 இலட்சம் டொலர் கொடுக்க இணங்கியது.

குடால் 2025 ஒக்டோபர் 1ஆம் திகதி, 91 வயதில், ஒரு பேச்சுப் பயணத்தின் இடையே காலமானார். கோம்பேயின் நாளாந்தக் குறிப்புகள் அறுபது ஆண்டுகளைத் தாண்டித் தொடர்கின்றன. அதில் மேடம் பியின் மூத்த மகள் லிட்டில் பியின் பக்கங்களும் இருக்கின்றன. தாய் கொல்லப்படுவதற்கு முன்பே அவள் கசகேலாவின் பக்கம் போயிருந்தாள். தாயை அடித்த ஆண்களின் நடுவிலேயே தொடர்ந்து வாழ்ந்தாள். ஸ்னிஃப் கொல்லப்பட்ட அதே 1977இல் அங்கே டூபி என்ற மகனைப் பெற்றாள், பின்னர் டார்பி என்ற மகளையும். டூபி கசகேலா ஆணாக வளர்ந்தான்.